அப்கிரேட் செய்யுமுன் செட்டிங்ஸ் எங்கே என்று பாருங்கள்

"ஓடிக் கொண்டிருக்கும் புரோகிராமைத் தொடாதே" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் பலரும் அறிவுரை சொல்வார்கள். புது வெர்ஷன் போட்டால் பழைய செட்டிங்ஸ் போய்விடும் என்ற பயமே காரணம். பயம் நியாயமானது, அறிவுரைதான் தவறானது.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. ஆபத்தின் அளவில் 10-க்கு 10 மதிப்பெண் பெற்ற ஓட்டை அது. வெளியாள் ஒருவர் இன்டர்நெட் வழியாகவே அடுத்தவர் கம்ப்யூட்டரில் தன் புரோகிராமை இயக்க அது வழி செய்தது. அப்போது அப்கிரேட் செய்யாமல் இருப்பதே பெரிய ஆபத்தாக இருந்தது. ஆகவே அப்கிரேட் செய்யத்தான் வேண்டும். செட்டிங்ஸை இழக்காமல் செய்வது எப்படி என்பதே கேள்வி.

பிரவுசரில் திறந்து பயன்படுத்தும் ஜாவா புரோகிராம்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம். வீட்டில் உள்ள பாடல்களை எந்த அறையிலிருந்தும் கேட்க உதவும் ஏர்சோனிக் மியூசிக் சர்வர் இந்த வகையைச் சேர்ந்தது. இவை பெரும்பாலும் 'வார்' என்ற எக்ஸ்டென்ஷன் கொண்ட ஒரே பைலாக வருகின்றன. அதை டாம்கேட் சர்வரின் 'வெப்ஆப்ஸ்' ஃபோல்டரில் போட்டால், டாம்கேட் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, பைலை அதில் விரித்து இயக்கும்.

புது வெர்ஷனை அதே பெயரில் போட்டால் என்ன ஆகும்? வழக்கமான அமைப்பில், டாம்கேட் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக விரிக்கும். அந்த ஃபோல்டருக்குள் நீங்கள் திருத்தி வைத்த செட்டிங்ஸ் பைலும் சேர்ந்து போய்விடும். "அழிக்கட்டுமா?" என்று உங்களைக் கேட்காது. வீட்டை இடித்துக் கட்டும்போது சுவரில் எழுதி வைத்த பால் கணக்கு மட்டும் தப்புமா?

நல்ல புரோகிராம்கள் கணக்கைச் சுவரில் எழுதுவதில்லை. விண்டோஸில் ஏர்சோனிக் தன் செட்டிங்ஸையும் பிளேலிஸ்டுகளையும் சி டிரைவில் 'ஏர்சோனிக்' என்ற தனி ஃபோல்டரில் வைக்கும். புரோகிராமர்கள் பயன்படுத்தும் ஜென்கின்ஸும் அப்படியே. வார் பைலை மாற்றினாலும் தனி ஃபோல்டர் அப்படியே இருக்கும்.

செட்டிங்ஸைப் புரோகிராமுக்குள்ளேயே வைத்துவிட்டு, "பேக்கப் எடுக்கவும்" என்று ஒரு வரி எழுதுவதோடு கைகழுவும் புரோகிராமர்களைத்தான் நான் குறை சொல்வேன். எந்த ஃபோல்டரை என்று சொல்லாத பேக்கப் அறிவுரையால் பயனில்லை. ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு புரோகிராம் தேடுங்கள்.

இனி அப்கிரேட் செய்யும் முறை:

1. முதலில் சர்வரை நிறுத்துங்கள். ஓடும்போது காப்பி செய்த டேட்டாபேஸ் பைல் பழுதாக இருக்கலாம்.

2. செட்டிங்ஸ் ஃபோல்டரையும் பழைய வார் பைலையும் வேறொரு டிஸ்க்கில், தேதியிட்டு காப்பி செய்யுங்கள். இரண்டும் வேண்டும். பல புரோகிராம்களின் புது வெர்ஷன் முதல் முறை இயங்கும்போதே டேட்டாபேஸை மாற்றியமைத்துவிடும். பிறகு பழைய வெர்ஷனால் அதைத் திறக்க முடியாமல் போகலாம்.

3. எந்த ஜாவா, எந்த டாம்கேட் வேண்டும் என்று புது வெர்ஷனின் குறிப்பில் படியுங்கள். டாம்கேட் 9-க்காக எழுதப்பட்ட புரோகிராம், டாம்கேட் 10-ல் மாற்றம் செய்யாமல் ஓடாது. புரோகிராமையும் டாம்கேட்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்; தகராறு வந்தால் எதனால் என்று தெரியாது.

4. காப்பி செய்ததை வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகலாம். வருடக்கணக்கில் சேர்த்த பிளேலிஸ்டுகளை மறுபடி உருவாக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பெரிதாகத் தோன்றாது.