பேட்டரி மேலேயே பழி போடாதீங்க

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. நம் வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்துப் பழைய கார்களில் பல சமயம் கோளாறு பேட்டரியில் இல்லை. எர்த்தில் இருக்கிறது.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, நடுவில் அனல் மின் நிலையங்கள். ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிற ஊரில், பானெட்டுக்கு அடியில் இருக்கும் செம்புக் கம்பி மட்டும் தப்புமா? பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். அதன்மேல் சாம்பல் தூசி அப்பிக்கொண்டால் கண்ணுக்கும் தெரியாது.

தொழிற்சாலையில் மின் பராமரிப்பு பார்த்தவன் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் சுற்ற 100, 150 ஆம்பியர் வேண்டும். களிம்பேறிய இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 150 ஆம்பியரில் ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். அதனால்தான் ஹாரன் அலறும், லைட் பளிச்சென்று எரியும், சாவியைத் திருப்பினால் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பழைய மாருதி 800 வைத்திருக்கிறார். ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி வாங்கிவிட்டார். மூன்றாவது முறை நின்றபோது, "செல்ஃப் மோட்டாரும் போச்சு, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, வண்டியைத் தள்ளிவிட்டுடுங்க" என்றார்களாம். அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதே அந்த வண்டியில்தான்.

"சார், ஜம்பர் கேபிள் இருக்கா?" என்று கேட்டேன். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கறுப்பு கேபிள் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் எடுத்துவிட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் அதற்கும் நடுவில் எர்த் பட்டை ஒன்று இருக்கும். இவர் வண்டியில் அதில் நாலைந்து இழைதான் மிச்சம். பட்டை இப்படி அறுந்தால் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகையும். அதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் எலக்ட்ரீஷியன்கள் பாடியில் செய்த லூகாஸ் டிவிஎஸ் செல்ஃப் மோட்டாரைப் பிரித்து, கார்பன் பிரஷ் மாற்றி, டெஸ்ட் லேம்ப் ஒன்றை வைத்தே கோளாறைக் கண்டுபிடிப்பார்கள். இப்போது பிரிப்பதற்கு ஆள் இல்லை, மாற்றுவதற்குத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன? கடை வாடகைக்கு அதில்தான் காசு. ஆனால் அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-லேயே உற்பத்தி நின்றுபோனவை. இருக்கிறதை வைத்துத்தான் நாம் ஓட்ட வேண்டும்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கி அணையப் பார்த்தால் பேட்டரியோ அதன் டெர்மினலோ. வெளிச்சம் குறையாமலே செல்ஃப் எடுக்கவில்லையென்றால் எர்த், சொலினாய்டு, சாவி சுவிட்ச் என்று தேடலாம். டெர்மினலைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். இல்லையென்றால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். நம் ஊருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது அவசியம்.

பேட்டரியும் போகத்தான் செய்யும், நம் வெயிலில் நாலு வருடம் உழைத்தாலே பெரிசு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் காலி. சார்ஜ் போட்டும் செல்ஃப் அடிக்கும்போது 9-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடலாம். கடையில் உங்கள் எதிரிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். பழையதைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள், உள்ளே இருப்பது ஈயம்; எக்ஸ்சேஞ்சில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.