வீணை கற்ற கிதார் கலைஞர்

'ஃப்யூஷன்' என்றாலே நம் சங்கத்துப் பெரியவர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். இளைஞர்களோ, மிருதங்கத்துக்குப் பக்கத்தில் கீபோர்டை வைத்துவிட்டால் ஃப்யூஷன் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். இரு சாராரும் ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து.

1942-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர் அவர். பதினோரு வயதில் கிதாரைக் கையில் எடுத்தார். 1969-இல் நியூயார்க் சென்றதுமே, ஜாஸ் உலகின் சக்கரவர்த்தி மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசிக்கும் வாய்ப்பு வந்தது. 1971-இல் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்று சொந்தக் குழு கண்டார். எலெக்ட்ரிக் கிதாரில் அவர் காட்டிய வேகம் உலகப் புகழைத் தேடித் தந்தது.

அந்தப் புகழே போதும் என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். கற்றதைத் தம் கிதாருக்குக் கொண்டுபோனார். கமகம் பேச வேண்டும் என்பதற்காக வாத்தியத்தையே மாற்றி அமைத்தார். மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கியதால், தந்தியை வீணையில்போல் இழுத்து வாசிக்க முடிந்தது. சுருதிக்கென்று குறுக்கே ஏழு தந்திகள் வேறு.

அந்தக் கிதாரோடுதான் 'சக்தி' குழுவில் வாசித்தார். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். 1976, 1977 ஆகிய இரண்டே ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. பின்னாளில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும், விக்குவின் மகன் செல்வகணேஷும் அவரோடு சேர்ந்தார்கள். 2024-இல் சக்திக்குக் கிராமி விருது கிடைத்தபோது மெக்லாஃப்லினுக்கு வயது 82.

வெள்ளைக்காரர் நம் சங்கீதத்தைக் கற்றார் என்று பெருமைப்படுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். நம் வீட்டில் நடப்பது என்ன? பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பாட்டு வகுப்பை நிறுத்திவிடுகிறோம். பிறகு அவன் கிதாரைத் தூக்கினால், 'நம் சங்கீதம் போயிற்று' என்று வருந்துகிறோம். போனதற்குக் காரணம் கிதார் அல்ல.

ஆண்டு விழாவில் இளைஞர்களின் கலப்பிசைக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை போதும்: மேடையேறும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு சங்கீதத்தையாவது முறையாகப் பயின்றிருக்க வேண்டும். அது கர்நாடக சங்கீதமாக இருக்கலாம், இந்துஸ்தானியாக இருக்கலாம், ஜாஸாகவும் இருக்கலாம். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.