கருவியா, கல்வியா?



கல்லூரி ஒன்றின் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில், செய்முறைத் தேர்வு நடந்த நாளன்று, சிறிது நேரம் நிற்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிடைத்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். நும் மாவட்டத்துக் கல்லூரி என்றே எண்ணிக் கொள்ளுங்கள், பெரிதும் பிழையாகாது.

மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் சீட்டு எடுத்தார். உழவர் வீட்டுப் பிள்ளை. அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். 'மாணவர் பதிவுப் படிவம் ஒன்றினை இணையப்பக்கமாக ஆக்குக' என்றிருந்தது சீட்டில். விரல்கள் விரைந்தன. இருபதே நிமிடங்களில் படிவம் திரையிலே எழுந்தது: பெயர், பிறந்த நாள், ஊர், கீழே 'அனுப்பு' என்றொரு பொத்தான். தேர்வாளர் தலையசைத்தார். நாம் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. "தம்பி, இந்தப் பொத்தானை அழுத்தினால் நீ எழுதிய பெயர் எங்கே போகிறது?" என்று கேட்டு வைத்தோம். மாணவர் திகைத்தார். நெடுநேரம் கழித்து, "ஐயா, அது ரெக்கார்டு நோட்டில் இல்லை" என்றார்.

அந்த விடையை நினைந்து நினைந்து வருந்துகிறோம். மாணவரைக் குறை கூறவில்லை. மதிப்பெண் தரும் அத்தனையையும் அவர் செய்து முடித்துவிட்டார். எங்கே போகிறது என்று கேட்பார் இல்லை. ஆகவே சொல்லித் தருவாரும் இல்லை!

அந்த மாணவர் அந்த இருக்கைக்கு வந்த வழியை எண்ணிப் பாருங்கள். தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு எனும் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தனர். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தகர்த்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலான தொழிற்கல்வியில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2021-இல் வந்தது. இவ்வளவும் எளிதில் கிட்டியவையா? வழக்குமன்றப் படிகளில் ஏறி, வாதாடி, போராடிப் பெற்றவை. வாயிலைத் திறப்பதற்கு அத்துணை பாடுபட்டோம். உள்ளே நுழைந்த பிள்ளைக்கு என்ன பரிமாறப்படுகிறது என்று பார்க்க வேண்டாமா?

இணையத் தொழில்நுட்பம் எனும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிடக் கூடியது. உலாவியிலே ஒரு முகவரியைத் தட்டுகிறோம். உலாவி முதலில் பெயர்ப் பதிவேட்டை அணுகி, அந்தப் பெயருக்குரிய எண்ணைக் கேட்டறிகிறது. பிறகு அந்த எண்ணுடைய கணிப்பொறிக்கு ஒரு மடல் விடுக்கிறது: 'இன்ன பக்கத்தை எனக்குத் தருக.' அந்தக் கணிப்பொறியைத்தான் சர்வர் என்கிறோம்; வழங்கி என்பது நம் மொழிப் பெயர். அது விடை மடல் எழுதுகிறது. மடலின் தலையிலே ஓர் எண்: 200 என்றால், இதோ தருகிறேன். 404 என்றால், நீ கேட்டது என்னிடம் இல்லை. 500 என்றால், கோளாறு என்னுடையதே. (தன் குற்றத்தைத் தலைப்பிலேயே ஒப்புக்கொள்ளும் பண்பு, நாமறிந்த அலுவலகங்கள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை!)

வியப்பு இனிமேல்தான். மடலுக்கு விடை தந்த மறுகணமே வழங்கி உன்னை மறந்துவிடும். அடுத்த மடல் வந்தால், யாரோ எவரோ என்றே கேட்கும். ஆகவே முதல் விடையோடு ஓர் அடையாளச் சீட்டைக் கொடுத்தனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் உலாவி அதனைக் காட்டுகிறது. அந்தச் சீட்டே குக்கி. இந்த மறதியைப் புரிந்துகொண்ட மாணவனுக்கு, வங்கிக் கணக்கினுள் நுழைவது எவ்வாறு, வெளியேறுவது எவ்வாறு, அச்சீட்டைப் பிறர் திருடினால் நேரும் கேடு என்ன, விளம்பரக்காரன் நம்மை ஊர் ஊராகத் தொடர்வது எங்ஙனம் என்பவை தாமே விளங்கிவிடும். ஒரு விதையிலிருந்து ஒரு தோப்பு!

இதனை ஆக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ எனும் ஆங்கிலேயர். ஜெனீவா நகரின் அருகே, செர்ன் எனும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். 1989 மார்ச்சில் தம் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் முதல் உலாவியையும் முதல் வழங்கியையும் தாமே எழுதி முடித்தார். அவருடைய மேசைக் கணிப்பொறியே உலகின் முதல் இணைய வழங்கி. எவரேனும் மின்விசையை நிறுத்திவிடப் போகிறாரே என்று, நிறுத்த வேண்டாம் என எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தார்களாம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிலையம் அந்த நிரல்களை உலகின் பொதுச் சொத்தாக அறிவித்தது. காப்புரிமை இல்லை, கப்பம் இல்லை. அன்று அதனைப் பூட்டி வைத்து, கதவுக்குக் கதவு காசு வாங்கியிருந்தால், நம் மாணவர் இன்று பழகுதற்கு அந்த வலையே இராது.

பொதுச் சொத்தாகப் பிறந்த ஒன்றை நம் கல்லூரிகள் எப்படிக் கற்பிக்கின்றன? ஏதோவொரு நிறுவனம் ஆக்கிய ஏதோவொரு கருவியின் பெயரைச் சொல்லி, அதன் படிகளை மனப்பாடம் செய்வித்து, சான்றிதழ் ஒன்றைக் கையில் திணித்து அனுப்புகின்றன. அந்தக் கருவியின் ஆயுள் எவ்வளவு? பிளாஷ் எனும் நுட்பத்தை ஆண்டுக்கணக்கில் பயின்றோர் பல்லாயிரவர். 2020 திசம்பர் 31-இல் அதன் உரிமையாளரே அதற்கு முடிவுரை எழுதிவிட்டார். ஆங்குலர்ஜேஎஸ் எனும் சட்டகத்துக்கான ஆதரவை 2021 இறுதியோடு கூகுள் நிறுத்திக்கொண்டது. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட எளிய பக்கங்களை இன்றைய உலாவியில் திறந்து பாருங்கள், திறக்கும்! கருவி கைமாறும், அடிப்படை நிற்கும்.

நம் மொழியோடு தொட்ட செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு எழுத்து எத்தனை? மூன்று என்பான் முதல் வகுப்புச் சிறுவன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதே சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். ஐந்து என்று விடை வரும்! ஒருங்குறி முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு. 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. இதை அறியாதவன் எழுதிய செயலி, இடம் போதவில்லை என்று நான்கோடு வெட்டினால், புள்ளி உதிர்ந்து 'தமிழ' என நிற்கும். இரண்டோடு வெட்டினால் 'தம' என்றாகும். குடும்ப அட்டையிலும் மருத்துவமனைச் சீட்டிலும் நம் பெயர்கள் இவ்வாறு வெட்டுண்டால் என்ன ஆகும்? ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்த காலம் உண்டு. அது நம்மிடம் இல்லையேல் திரையில் குப்பைக் குறிகளே கொட்டும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கு கண்டது. எழுத்துக் குறியீட்டை ஒருமுகப்படுத்தவும் முயன்றது. அறிஞர் பலர் ஆண்டுகள் பல உழைத்த அந்த வரலாறு, எத்தனை வகுப்பறைகளில் பாடமாகச் சொல்லப்படுகிறது?

நம்மை மறுப்போர் உள்ளனர். "ஐயா, வேலை கொடுப்பவன் ரியாக்ட் தெரியுமா என்றுதான் கேட்கிறான். ஏழைப் பிள்ளைக்கு முதலில் சம்பளம், அடிப்படையெல்லாம் வசதி படைத்தோர்க்கு" என்கின்றனர். இந்த வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கவில்லை. மாதச் சம்பளம் ஒரு குடும்பத்தின் கடனை அடைக்கும் என்பதை நாமறியாதவரா! ரியாக்ட் வேண்டாமென்று நாம் கூறவில்லை. முதற்பருவத்தில் மடலும் விடையும், பிறகு எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், அதன்பின் தரவுதளம். கடைசியில் வேண்டிய சட்டகத்தைச் சில கிழமைகளில் கற்பிக்கட்டும் என்கிறோம். வசதி படைத்தோர்க்கே அடிப்படை என்பது எத்தகைய நியாயம்? மென்பொருள் துறையில் இருக்கும் தந்தை, இரவு உணவின்போதே தன் மகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். உழவர் மகனுக்கு வகுப்பறையை விட்டால் வேறிடம் ஏது? அவனிடமிருந்து அடிப்படையைப் பறித்தால், நுழைவுத் தேர்வுச் சுவரை வளாகத்துக்குள்ளேயே மறுபடி எழுப்பியதாகாதா? மேலும், கேட்ட நிரலை நொடியில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு எந்திரம் இன்று வந்துவிட்டது. படிவம் எழுத மட்டும் கற்றவனை அது முதலில் வெளியேற்றும். பெயர் கேட்கும் கட்டத்தில் ஒரு கயவன் தரவுதளத்துக்கான கட்டளையை எழுதினால், எந்திரம் தந்த நிரல் அதற்குப் பணிந்துவிடுமா என்று கேட்கத் தெரிந்தவனை வெளியேற்றுவது அத்துணை எளிதன்று.

பாடத்திட்டக் குழுக்கள் கூடட்டும். செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணில் பாதியை விளக்கம் கேட்கும் வினாக்களுக்கு ஒதுக்கட்டும். விளக்கத்தைத் தமிழில் சொன்னாலும் மதிப்பெண் குறையாதென்று எழுதி வைக்கட்டும். ஆசிரியர்களைக் கடிந்து பயனில்லை. ஒருவர் தலையில் நான்கு பாடங்களை ஏற்றிவிட்டு, புதுமை எங்கே என்று அவரையே கேட்பது கொடுமை.

அதுவரையில் காத்திருக்க வேண்டுவதில்லை. நம் ஊர்ப் படிப்பகங்கள் செய்தித்தாளுக்காக மட்டும் திறந்தவை அல்லவே! ஒரு பழைய கணிப்பொறியும் ஒரு சிறு வைஃபை பெட்டியும் போதும். வெளி இணைய இணைப்புக்கூட வேண்டாம். அந்தக் கணிப்பொறியை வழங்கி ஆக்குங்கள். பேருந்து நிலையச் சுவரிலே கிழிந்து தொங்கும் நேரப் பட்டியலை ஒரு பக்கமாக எழுதி அதில் வையுங்கள். கூடியிருப்போர் தத்தம் கைப்பேசியிலிருந்து அதனைக் கேட்கட்டும். ஒருவர் பக்கத்தின் பெயரைத் தவறாகத் தட்டி 404 காணட்டும்; மற்றொருவர் கணிப்பொறியையே நிறுத்திவிட்டு என்ன நேர்கிறதென்று பார்க்கட்டும்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நம் படிப்பகத்தில் இதனைத் தொடங்குகிறோம். தேர்வுக்கூடத்தில் கண்ட அந்த மாணவரையும் அழைத்திருக்கிறோம். இரு நண்பர்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.