பசிக்குப் பெயர் போதையா?

கறம்பக்குடியில் வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து, புதுக்கோட்டைக்குக் கல்லூரி போகிற பையன், ராத்திரி ஆறு பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சாப்பிடுகிறான். அவன் உணவுக்கு அடிமையா, பசித்தவனா? நீங்களே சொல்லுங்கள்.

2009-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார், உணவு அடிமைத்தனத்தை அளக்க 25 கேள்விகள் தயாரித்தார்கள். முதலில் சோதித்ததும் கல்லூரி மாணவர்களிடம்தான். 2016-ல் அது 35 கேள்வியானது. பல மொழிகளுக்கும் போனது. 'நினைத்ததைவிட அதிகம் சாப்பிடுகிறீர்களா?' என்கிற மாதிரிக் கேள்விகள். உதாரணத்துக்கு டோனட், சீஸ்பர்கர்!

டோனட்டை எடுத்துவிட்டு பரோட்டாவைப் போட்டால் தமிழாகிவிடுமா சார்? நம்ம பிள்ளைகளிடம் வாசித்துக்காட்டி, 'என்ன புரிஞ்சுது?' என்று முதலில் கேளுங்கள். கூடவே, 'காலையில சாப்டியா?' என்றும் கேளுங்கள்.

பி.காம். படித்தவன் சொல்கிறேன்... முதல் பதிவு தப்பானால், ஐந்தொகை முழுக்கத் தப்பு. பட்டினிக்குப் போதை முத்திரை குத்திவிடாதீர்கள்!