தரைக்கடியில் ஒரு தலைக்கணக்கு

மக்கள்தொகை அட்டவணை வாசிப்பது எனக்கு நாவல் வாசிப்பது மாதிரி. வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். இந்த வாரம் கையில் சிக்கியது செக் குடியரசு. தலைநகர் பிராகையும் சேர்த்து அங்கே 14 பிராந்தியங்கள். அவற்றில் ஆட்கள் மிகக் குறைவாக இருப்பது மேற்கு மூலையிலுள்ள கார்லோவி வாரி. பரப்பு சுமார் 3,310 சதுர கிலோமீட்டர். மக்கள் 3 லட்சத்துக்கும் கீழே. சதுர கிலோமீட்டருக்கு 90 பேர்கூடத் தேறவில்லை.

கார்லோவி வாரி என்றதும் வெந்நீர் ஊற்றும் திரைப்பட விழாவும் நினைவுக்கு வருபவர்கள் இருப்பார்கள். அது அந்தப் பெயரில் உள்ள நகரம், சுமார் 50 ஆயிரம் பேர் வாழும் அழகான பிராந்தியத் தலைநகர். நான் சொல்ல வந்தது அதைச் சுற்றியிருக்கும் நாட்டுப்புறத்தைப் பற்றி.

வடக்கே ஜெர்மனியின் சாக்சனியோடு எல்லையாக நிற்பது குருஷ்னே ஹோரி மலைத்தொடர். அதன் உச்சி கிளினோவெட்ஸ், 1,244 மீட்டர். தெற்கே ஸ்லாவ்கோவ் காடு. நடுவில் ஓஹ்ரே ஆறு, பவேரியாவில் பிறந்து கிழக்கே போய் எல்பேயில் கலக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கை ஆறு மட்டும் அரித்து உண்டாக்கிவிடவில்லை. பூமியின் மேலோடு இங்கே பிளவுபட்டுக் கிடக்கிறது. அந்தப் பிளவின் புண்ணியத்தில்தான் வ்ரீட்லோ ஊற்று 73 டிகிரிச் சூட்டில் 12 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது. செப் நகரத்துக்குப் பக்கத்துச் சோஸ் சதுப்பில் கரியமில வாயு சேற்றைக் கொப்பளிக்க வைக்கிறது. சிறு நில அதிர்வுகள் கூட்டம் கூட்டமாக, சில சமயம் வாரக்கணக்கில் வந்துபோகின்றன. அதே செப் பக்கம் கோமோர்னி ஹூர்கா என்றொரு குன்று. அது எரிமலையா இல்லையா என்று கவிஞர் கெதே மண்டையை உடைத்துக்கொண்டார், தோண்டிப் பாருங்கள் என்றார். அவர் காலமான பிறகு ஸ்டெர்ன்பெர்க் பிரபு சுரங்கம் வெட்டிப் பார்த்தார். எரிமலையேதான்.

இங்கே மேலே எத்தனை பேர் வாழ்வது என்பதைக் கீழே கிடந்ததுதான் முடிவு செய்திருக்கிறது. யாகிமோவ் ஊரின் கதை போதும். 1516இல் வெள்ளிக்காக உருவான ஊர் அது. 1534இல் சுமார் 18,000 பேர், பொஹீமியாவில் பிராகுக்கு அடுத்த பெரிய ஊர். காட்டு மலைச்சரிவில் இருபதே ஆண்டுக்குள்! சுரங்கவியலின் மூலநூலை எழுதிய அக்ரிகோலா அங்கே ஊர் வைத்தியராக இருந்தவர். வெள்ளி வற்றியதும் கூட்டம் கலைந்தது. வெள்ளி தேடியவர்கள் பயனற்றதென்று ஒதுக்கிய கறுப்புத் தாதுவுக்குப் பின்னாளில் மவுசு வந்தது. அதிலிருந்து யுரேனியச் சாயம் எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைப் பாரிசுக்கு வரவழைத்துத்தான் கியூரி தம்பதி ரேடியத்தைப் பிரித்தார்கள். 1906இல் ரேடான் நீர்க் குளியல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் அணுகுண்டுக்கு யுரேனியம் தேவைப்பட, முள்வேலி முகாம்கள் வந்தன. அரசியல் கைதிகள் ஆயிரக்கணக்கில் சுரங்கத்தில் இறக்கப்பட்டார்கள். இன்று அங்கே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். ஸ்வோர்னோஸ்ட் சுரங்கம் மட்டும் ஓயவில்லை, குளியல் விடுதிகளுக்கு இன்னமும் நீர் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

மண் தீர்மானித்தது 1945 வரைதான். அதன்பின் அரசியல் கையில் எடுத்தது. இந்தப் பிராந்தியத்தில் அதுவரை வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசியவர்கள். 1938இல் ஹிட்லர் இந்த எல்லைப்புறத்தை விழுங்கினார். போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 30 லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். காலி வீடுகளில் உள்நாட்டுச் செக்குகள், ஸ்லோவாக்கியர், ரோமாக்கள், உக்ரைனின் வோலீனியாவிலிருந்து திரும்பிய செக் குடும்பங்கள் என்று பலர் குடியேறினார்கள். மலைமேல் நிலைத்தவர்கள் குறைவு. பழைய வெள்ளீயச் சுரங்க ஊரான பிரெஷெபூசில் இப்போது எழுபது பேர் அளவில் இருக்கிறார்கள். ஆனாலும் அதற்கு நகரம் என்ற தகுதி உண்டு, நாட்டிலேயே மிகச் சிறிய நகரம். கிழக்கே டோபோவ் மலையில் நடந்தது இன்னும் கொடுமை. 1953இல் இராணுவப் பயிற்சிக்கென்று டோபோவ் நகரத்தையும் சுற்றியிருந்த கிராமங்களையும் காலி செய்தார்கள். ஜெர்மானியர் விட்டுப்போன வீடுகளில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது, அவர்களும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று லட்சத்துக்குச் சற்று மேலே இருந்த எண்ணிக்கை பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. 2022க்குப் பின் உக்ரைன் அகதிகள் வந்ததால் கொஞ்சம் ஏறியது. இந்தச் சரிவுக்கு அங்கே அடிக்கடி சொல்லப்படும் காரணம், 1945க்குப் பின் வந்தவர்கள் வேரில்லாதவர்கள் என்பது. எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். யாகிமோவின் வெள்ளிக்காரர்கள் 1945க்குப் பின் வந்தவர்கள் அல்லவே, பிழைப்பு போனதும் அவர்களும்தானே கிளம்பினார்கள்? இந்தப் பிராந்தியம் நாட்டிலேயே சராசரிக் கூலி குறைந்த இடங்களில் ஒன்றாகப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறது. பட்டதாரிகளின் விகிதம் கடைசி. இங்கே தலைமையிடம் கொண்ட பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. பிளசெனுக்கோ பிராகுக்கோ படிக்கப் போகும் பிள்ளை எதற்காகத் திரும்பி வர வேண்டும்?

வேர் பற்றிய வாதத்துக்கு இன்னொரு பதில் செப் நகரத்தில் இருக்கிறது. சோஷலிசக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த வியட்நாமியர், 1989க்குப் பின் எல்லை தாண்டி மலிவுச் சரக்கு தேடி வந்த ஜெர்மானியரை நம்பிக் கடை விரித்தார்கள். இன்று அந்த ஊரின் தவிர்க்க முடியாத பகுதி அவர்கள். தாத்தாவின் கல்லறை எங்கே என்று கேட்டா அவர்கள் தங்கினார்கள்?

அடுத்த சோதனை சோகோலோவ் பக்கம். அங்கே பழுப்பு நிலக்கரிதான் சோறு போட்டது. அதன் முடிவு தெரியத் தொடங்கிவிட்டது. பழைய மெடார்ட் சுரங்கக் குழியில் ஓஹ்ரே நீரை விட்டு நிரப்பி, கிட்டத்தட்ட 490 ஹெக்டேர் ஏரி ஆக்கிவிட்டார்கள். சுரங்க மண் கொட்டிய மேட்டில் பிஎம்டபிள்யூ நிறுவனம் 2023இல் சோதனைத் தளம் திறந்தது. தானாக ஓடும் கார்களை ஓட்டிப் பார்க்கும் இடம். நல்லதுதான். ஆனால் வெளியேறும் சுரங்கத் தொழிலாளர் அத்தனை பேருக்கும் அங்கே இடம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த அட்டவணையில் முதலில் சோகோலோவ் மாவட்டத்தின் வரியைத்தான் பார்ப்பேன்.