கொழுப்புக் குளிசையும் நம் வயிறும்

இரத்தத்தில் கொழுப்புக் கூடிவிட்டதென்று வைத்தியர் ஸ்டாட்டின் இனத்துக் குளிசையொன்றை எழுதிக் கொடுக்கிறார். பத்து நாள் செல்லுமுன் வயிறு ஊதுகிறது. மலம் இறுகுகிறது, அன்றேல் இளகுகிறது. பழி குளிசையின் மேல் விழ, குளிசைப் பெட்டி அலுமாரியின் மூலைக்குப் போகின்றது. கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் நாம் அறிந்த வீடுகள் சிலவற்றில் நடப்பது இதுவே.

இக்குளிசையின் பூர்வீகம் அரிசி என்றால் வாசகர் வியப்பர். ஜப்பானிய விஞ்ஞானி அக்கிரா எண்டோ ஆறாயிரம் வகை நுண்ணுயிர்களைச் சோதித்து, கியோட்டோ நகரத்து அரிசியிற் படர்ந்த பூஞ்சணமொன்றில் 1973ஆம் ஆண்டு அம்மருந்துப் பொருளைக் கண்டார். ஈரல் தானே கொலஸ்டிரோலைச் செய்வதை அது தடுக்கின்றது. பற்றாக்குறையை ஈடுசெய்ய ஈரல் தன் கதவுகளை அகலத் திறந்து, இரத்தத்திலுள்ளதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே மருந்தின் களம் பெரிதும் ஈரலேயன்றிக் குடலன்று.

அங்ஙனமாயின் வயிறு ஏன் ஊதுகிறது? சிலருக்கு மருந்தே காரணமாகலாம். பெரும்பாலும் அது நாளடைவில் தணியும். ஆனால் வைத்தியர் சொற்கேட்டு அதே வாரத்தில் பாணை விட்டுக் குரக்கனுக்கும், பயறுக்கும், கடலைக்கும் நாம் தாவியதை மறந்துவிடுகிறோம். பழகாத குடலுக்கு நார்ப்பொருளைத் திடீரென ஊட்டினால் வாயு பெருகத்தானே செய்யும்! சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் நிறையப் பருகுதல் நன்று.

அச்சமும் தொல்லை தரும். லண்டன் இம்பீரியல் கல்லூரியார் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பக்கவிளைவுக்கு அஞ்சி ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் மெய்யான குளிசையும், சில மாதம் மருந்தற்ற வெறுங் குளிசையும் கொடுத்தனர். சில மாதம் ஒன்றும் கொடுத்திலர். மெய்க்குளிசை தந்த தொல்லையில் நூற்றுக்கு 90 பங்கு வெறுங் குளிசையிலும் தோன்றியது! இதனை அறிந்தபின் பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினர். எனினும் தசைகள் கடுமையாக நொந்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ தாமதியாது வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இனி, "குளிசைதான் இருக்கிறதே" என்று கட்டிப்பாற் சொதியை இரட்டிப்பாக்குவோரும் உளர். தேங்காயில் கொலஸ்டிரோல் இல்லையென்பது பெயரளவில் மெய். ஆயினும் தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. அது, மருந்து திறந்துவிட்ட ஈரற் கதவுகளை மெல்லச் சாத்துகின்றது. சொதியை முற்றாகத் துறக்கச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கட்டிப்பால் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். மற்றைய நாட்களில் கீரையும் பருப்பும் பாலின்றியே சுவைக்கும்.

பழங்களில் எச்சரிக்கை வேண்டுவது பம்பளிமாசுக்கும் அதன் உறவான கிரேப்புருட்டுக்கும். அவற்றிலுள்ள பொருள், குடற்சுவர் மருந்தைச் சிதைப்பதைத் தடுத்து, சிம்வாஸ்டாட்டின் போன்றவற்றை இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏற்றிவிடும். ரோசுவாஸ்டாட்டினுக்கு இத்தொல்லை இல்லை. தம் குளிசை எதுவென்பதைப் பெட்டியிற் படித்து, மருந்துக் கடைக்காரரிடம் உசாவுக.

கந்தசஷ்டி விரதகாரர் ஆறு நாளும் மருந்தை நிறுத்துவதையும் கண்டிருக்கிறோம். அது வேண்டியதன்று. அட்டோர்வாஸ்டாட்டினை உணவோடோ உணவின்றியோ எவ்வேளையிலும் விழுங்கலாம், சிம்வாஸ்டாட்டினோ இரவுக்குரியது. மாலைப் பூசை முடிந்து பாலும் பழமும் உண்ணும் வேளை இரண்டுக்கும் பொருந்தும்.