தகரக் கூரைக்கு நுரைப் பூச்சு: கடன் வாங்கலாமா?

பல்லடம் பக்கத்து வாசகர் ஒருவர் தகரக் கொட்டகையில் 3,000 கறிக்கோழிகள் வளர்க்கிறார். பக்கங்கள் திறந்தவை, வலை அடித்தவை. சித்திரை வெயிலில், கோழி பிடிக்கப் போகும் வாரத்தில் சாவு கூடிவிடுகிறதாம். கூரையின் அடியில் ‘பஃப்’ எனப்படும் நுரையைப் பீய்ச்சினால் போதும் என்று ஒரு ஒப்பந்தக்காரர் சொல்கிறார். கடன் வாங்கிச் செய்யலாமா என்பது அவர் கேள்வி.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் நேரத்தில் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. 2 கிலோ எட்டிய கோழிக்கு அது போதவில்லை. அதனால்தான் தீவனம் முழுக்கத் தின்று முடித்த கடைசி வாரத்தில் இழப்பு.

உச்சி வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். அந்த அனல் நேரே கோழியின் முதுகில் இறங்குகிறது. நுரை தடுப்பது இதைத்தான். இரண்டு திரவங்கள் குழாய் முனையில் கலந்து, பீய்ச்சியதும் 30 மடங்கு வரை பொங்கி, சில நொடிகளில் இறுகித் தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஷீட் இணைப்பு, ஆணி ஓட்டை எல்லாம் அடைபடும். ஒரு அங்குல நுரை தடுக்கும் சூட்டைச் செங்கல்லால் தடுக்க 2 அடி கனச் சுவர் வேண்டும். இதில் மிகைப்படுத்தல் இல்லை.

ஆனால் திறந்த கொட்டகையில் காற்று வெளியிலிருந்துதான் வருகிறது. வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே வரும் காற்றும் அதே சூடுதான். நுரை அனலைக் குறைக்கும், காற்றைக் குளிர்விக்காது. விசிறியும் கூலிங் பேடும் வைத்து மூடிய இ.சி. ஷெட்டில்தான் போட்ட பணம் முழுசாகத் திரும்பும்.

ஒப்பந்தக்காரர் சொல்லாத விஷயங்களும் உண்டு. கூளத்தில் திரியும் கருவண்டின் புழுக்கள் கூட்டுப்புழுவாக மாற இடம் தேடி நுரையைத் துளைக்கும். எலியும் விடாது. நுரை தீப்பிடித்தால் வேகமாகப் பரவும், புகை விஷம். குஞ்சுகளுக்குக் கரி அடுப்பு மூட்டும் கொட்டகையில், தீ பரவாத மேற்பூச்சு இல்லாமல் நுரை அடிக்கவே கூடாது. பீய்ச்சும்போது எழும் ஆவி ஆஸ்துமாவை வரவழைக்கும். கொட்டகை காலியாக இருக்கும்போது மட்டுமே வேலை நடக்க வேண்டும். முடிந்த பிறகும் ஒரு நாள் முழுக்க வீட்டார் யாரும் உள்ளே போகக் கூடாது.

இந்த வாசகரின் கொட்டகைக்கு இப்போது கடன் தேவையில்லை. கோடைக்கு முன் கூரை மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கட்டும். செலவு சொற்பம், பலன் கண்கூடு. மதியம் கூரை மேல் தெளிப்பான் ஓடட்டும். கோடை பேட்ச்சுக்குக் குஞ்சு எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிக் கம்பெனியிடம் பேசலாம். வெயில் ஏறும் முன் தீவனத்தை எடுத்துவிட்டு, சாயங்காலம் வைக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் நிழல் அவசியம். பலரும் கவனிக்காத இடம் இது.

பின்னாளில் இ.சி. ஷெட் கட்டும்போது நுரை அடிப்பதானால், ஈரம் உறிஞ்சாத மூடிய அறை வகையையே கேட்க வேண்டும். பாக்கிப் பணம் கொடுக்குமுன் மெல்லிய கம்பியால் பத்து இடங்களில் குத்திக் கனத்தை அளந்துகொள்வது நல்லது.